செக்‌ஷன் காலி

உள்ளே போன சக்கரங்களில் ஒரு ஜோடி இன்னும் வெளியே வரவில்லை என்று கருவி அடம்பிடித்தது.

திலக் நகர் ஸ்டேஷன் பக்கம் ஒன்று, செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒன்று என்று தண்டவாளத்தை ஒட்டிச் சக்கரம் எண்ணும் கருவிகள். போனதும் வந்ததும் ஒத்துப்போனால்தான் சிக்னல் கிடைக்கும். இல்லாவிட்டால் யாராவது இடையில் உள்ள செக்‌ஷன் முழுக்க நடந்து பார்த்து, ‘காலி’ என்று சொல்ல வேண்டும். அதுவரை பின்னால் வண்டிகள் நிற்கும்.

சிக்னல் டெக்னீஷியன் ஜெயசீலி நடந்தாள்.

மத்தியானத் தூறலில் தண்டவாளம் பத்தடிக்கு அப்பால் கரைந்துபோயிருந்தது. அந்த ஒற்றை ஜோடிச் சக்கரம், டிரைவர் இல்லாமல், பெட்டி இல்லாமல், முன்னால் எங்கேயோ தனியாக உருண்டுகொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. பாவம், வழி தெரியவில்லை போல.

அவள் புருஷன் பிரைட்டனும் அப்படித்தான். ஒன்பது நாளைக்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஐசியூவுக்குள் போனவர் இன்னும் வெளியே வரவில்லை. இன்று மகள் ஜெனிஃபர் காவல்.

செம்பூர் முனை வந்துவிட்டது. சக்கரமும் இல்லை, ஒன்றுமில்லை. கருவிதான் தப்பாக எண்ணியிருக்கிறது.

போன் அடித்தது.

“மம்மி, டாடி பெட்டு காலி…”

அதற்குள் பக்கத்து லைனில் வண்டி வந்து மகளின் குரலை விழுங்கிவிட்டது.

காலி. வேலையில் அவள் நாளுக்குப் பத்துத் தடவை இந்தியில் சொல்லும் நல்ல சொல். அவள் குடியிருக்கும் லேபர் கேம்ப் வீட்டில், தமிழில், ஆள் போய்விட்டால் சொல்லும் சொல்.

ஜெயசீலி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பழக்கதோஷத்தில் சக்கரங்களை எண்ணினாள். நாலு, எட்டு, பன்னிரண்டு. பெட்டிக்கு நாலு வீதம் நாற்பத்தெட்டு ஜோடி. நாற்பத்தெட்டும் கடக்கும்வரை அவள் விதவையாக நின்றாள். தூறல் மட்டும் இதமாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வண்டி போனது.

“…கேக்குதா மம்மி? வார்டுக்கு மாத்திட்டாங்க. நடந்தே போனாரு. மீன்கொளம்பு கேக்காரு.”

இந்தி படித்துவிட்டுத் தமிழ் பேசும் பிள்ளை! வீட்டுக்கு வரட்டும், இருக்கிறது அவளுக்கு.

வாக்கிடாக்கியில் ஸ்டேஷன் மாஸ்டர் மூன்றாவது முறையாகக் கத்திக்கொண்டிருந்தார், செக்‌ஷன் காலியா இல்லையா என்று.

“காலி சார்,” என்றாள் ஜெயசீலி, தமிழிலேயே, அழுதுகொண்டே. “உள்ள போனது வெளிய வந்துட்டு.”