திரும்பி வந்த பேச்சு

"நிறுத்தாமப் பேசுங்க ஆன்ட்டி. அவருக்குக் காது நல்லாக் கேக்குது, சொல்றதும் புரியுது. வாய்க்குத்தான் வழி மறந்துபோச்சு. நீங்க பேசப் பேசத்தான் அது ஞாபகத்துக்கு வரும்."

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் அஸ்லினா மலாயில் சொன்னாள். கஸ்தூரி தலையாட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த கணவர் சபாபதியின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

மலேசியாவின் மூவார் நகரில் சபாபதியைத் தெரியாத தமிழர்கள் குறைவு. நாற்காலி, மேசை செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது மைக் பிடித்துப் பேசும் பேச்சால்தான். கல்யாண விருந்தோ கோயில் திருவிழாவோ, அவர் பேச ஆரம்பித்தால் தட்டில் இருக்கும் பிரியாணியை மறந்துவிட்டுக் கேட்பார்கள். அந்த வாய்தான் பக்கவாதத்தில் ஒரு பக்கமாகக் கோணி, 'ஆ... ஊ...' என்ற சத்தத்தோடு நின்றுபோயிருந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைச் சொல்லித்தான் மாய்ந்துபோனார்கள்.

"எப்பேர்ப்பட்ட வாய்லா! வீடே வெறிச்சுனு போயிருக்குமே கஸ்தூரி?"

"ஆமா," என்பாள் கஸ்தூரி. அதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டாள்.

அஸ்லினா சொன்னபடி அவள் பேசத் தொடங்கினாள். முதலில் என்ன பேசுவதென்றே பிடிபடவில்லை. சந்தையில் மீன் விலை, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் பிரேமலா போன் பண்ணியது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னாள். போகப்போக, கஞ்சி ஊட்டும்போதும் முகச்சவரம் செய்துவிடும்போதும் பேச்சு தானாகவே வந்தது.

"ஏங்க, கல்யாணத்துக்கு முன்ன எங்க ஊரு சாஆவுல நான் தையல் கிளாஸ் போனப்ப முதல் பரிசு வாங்கினேன், தெரியுமா? டீச்சர் என் பாவாடைய எடுத்து எல்லாருக்கும் காட்டினாங்க. கடை வைக்கணும்னு அப்ப எனக்கு ரொம்ப ஆசை."

பக்கத்து வீட்டு வாசுகி வேலி ஓரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அலமாக்! நீங்களாக்கா பேசினது? நான் ரேடியோன்னு நினைச்சேன்!"

கஸ்தூரிக்கு வெட்கமாகிவிட்டது. தனக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது அவளுக்கே தெரியாது.

ஒரு சாயங்காலம் அவருக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் நினைத்தே பார்க்காத ஒரு பேச்சு வாயில் வந்தது. பிரேமலாவுக்கு முன்னால் பிறந்து, ஒரு வாரம்கூடத் தங்காமல் போய்விட்ட பிள்ளை.

"அவன் ஒரு தடவ கண்ணத் தொறந்து என்னைப் பார்த்தான். நீங்க அப்ப இல்ல. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க. மனசுக்குள்ளயே ஜீவன்னு பேரு வச்சேன்."

சபாபதியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அசைக்க முடிந்த கையால் அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டீங்களா?" என்றாள் கஸ்தூரி. "நான் சொன்னது கேட்டுச்சாங்க?"

அவர் தலை மெல்ல அசைந்தது.

அன்றிலிருந்து அவள் சாமியிடம் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். இவர் நடக்கக்கூட வேண்டாம். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் போதும். அதுவும் இல்லையென்றால், 'கஸ்தூரி' என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.

அடுத்த முறை பயிற்சிக்குப் போனபோது, அஸ்லினா பார்த்துப் பேர் சொல்லப் பழக்கும் படங்களை ஓரமாக வைத்துவிட்டு, "ஆன்ட்டி, இன்னிக்கு நீங்க பேசுங்க. அவர் மனசுக்குப் பிடிச்சதா ஏதாவது," என்றாள்.

கஸ்தூரி அவர் எதிரே குனிந்தாள். "நம்ம ஜீவன் இருந்திருந்தா, இந்நேரம் அவன்தான் உங்களைத் தூக்கி உட்கார வச்சிருப்பான், இல்லீங்க?"

சபாபதியின் உதடு துடித்தது. நெற்றி நரம்பு புடைத்தது. கண்கள் நிறைந்தன. திடீரென்று, கொஞ்சமும் குழறாமல், பழைய கணீர்க் குரலில் இரண்டு சொற்கள் வந்து விழுந்தன.

அஸ்லினா துள்ளி எழுந்து கைதட்டினாள். "பேசிட்டாரு! ஆன்ட்டி, அங்கிள் பேசிட்டாரு! தமிழ்ல என்ன சொன்னாரு?"

கஸ்தூரி அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"வீட்டுல என்னைக் கூப்பிடுற பேர," என்றாள்.

"நினைச்சேன்! வீட்டுல அதிகமாச் சொல்லிச் சொல்லிப் பழகினதுதான் முதல்ல திரும்பி வரும். சில பேருக்கு அது ஒண்ணு மட்டும்தான் வரும். எதைச் சொல்ல நினைச்சாலும் வாய் அதைத்தான் சொல்லும். உங்க மேல அவருக்கு எவ்ளோ பாசம் பாருங்க! வீட்டுலயும் தினம் சொல்ல வைங்க."

"சரி மிஸ்," என்றாள் கஸ்தூரி.

வாசலில் காருக்குக் காத்திருந்தபோது சபாபதி அவள் கையைப் பிடித்து இழுத்தார். அழுதுகொண்டிருந்தார். அவளிடம் எதையோ சொல்லிவிட வேண்டுமென்று அந்தக் கண்கள் தவித்தன.

"பிள்ளையைப் பத்தியா? சொல்லுங்க," என்று அவர் முகத்தருகே குனிந்தாள் கஸ்தூரி.

உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து, அவர் மறுபடியும் சொன்னார்.

"வாய மூடு."

அஸ்லினாவிடம் கஸ்தூரி சொன்னது பொய் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பேர்.