நடுவயல் பாறை

"நட்ட நடுவுல வட்டமா மருந்தடிக்காம விட்டுட்டுப் போயிருக்கு சார்! நேர்ல வந்து பாருங்க!"

விவசாய அதிகாரி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். அப்படியும் வெடிக்காரரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. மேஜைக்கு எதிரில் நின்றிருந்த ட்ரோன்காரிக்கும் ஒரு சொல் தப்பவில்லை.

அரசாங்கம் பெண்கள் குழுவுக்கென்று கொடுத்த ட்ரோன் அது. ஊர் வயலுக்கெல்லாம் அவள்தான் மருந்து தெளிக்கிறாள். புகார் உண்மை என்றாகிவிட்டால் ட்ரோன் அடுத்த குழுவுக்குப் போய்விடும். "பொம்மை ஓட்டப் போறியாக்கும்?" என்று அன்று சிரித்த மாமியார், இன்று யாரும் சொல்லாமலே அதன் இறக்கைகளைத் துடைத்து வைக்கிறாள்.

அதிகாரி டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினார். வயலின் படத்தில் ஒரு சிவப்பு வட்டம்.

"என்னம்மா, 'பாறை'ன்னு குறிச்சிருக்கே?"

"பாறைதான் சார்."

"நெல்லு வயல்ல பாறையா?"

"சின்னப் பாறை சார்."

உண்மையில் அங்கே இருந்தது ஒரு நீர்க்கோழிக் கூடு. ட்ரோன் கேமராவில் பயிருக்கு நடுவே முட்டைகளைப் பார்த்ததும் அவளுக்குக் கை ஓடவில்லை. அந்த இடத்தைத் தவிர்க்கச் சொல்லித் தேடினால், செயலியில் கிணறு, கம்பம், மரம், பாறை என்றுதான் இருந்தது. பறவைக்கு இடமில்லை. பாறையைத் தொட்டுவிட்டாள்.

அதிகாரியிடம் சொல்லிவிடலாம். ஆனால் அது வெடிக்காரர் காதுக்குப் போகும். விடிந்ததும் வயலில் வெடி போட்டுப் பறவைகளை விரட்டுவதால் வந்த பேர் அது. காக்கைகூட அவர் வயலைச் சுற்றிக்கொண்டுதான் போகும் என்பார்கள்.

அதிகாரி அவளையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனபோது, வரப்பில் வெடிக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க நின்றிருந்தார். எப்போதும் அக்குளில் இருக்கும் குடையைக் காணோம்.

"குடை எங்கண்ணே?" என்றாள், பேச்சை எங்காவது தொடங்க வேண்டுமே என்று.

"அது வேற வேலையாப் போயிருக்கு."

அதிகாரி சிரித்தார். "வெடிச் சத்தத்தையும் காணோமே இந்தத் தடவை?"

"வெடி விக்கிற விலைக்கு..." என்று இழுத்தார். உடனே குரல் ஏறியது. "அதை விடுங்க சார், இந்தப் பொண்ணு பண்ணின வேலையைப் பாருங்க!"

"உங்க வயல்ல பாறை இருக்காமே?"

"பாறையா? எங்கப்பா காலத்துலேருந்து உழுறோம். ஒரு கூழாங்கல்லு கால்ல தட்டினதில்ல!"

அதிகாரி அவளைப் பார்த்தார். அவள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"வாங்க, காட்டறேன்" என்று வெடிக்காரர் வயலில் இறங்கினார்.

"சார், சேறு. ஷூ வீணாப்போயிடும்" என்று ட்ரோன்காரி அதிகாரியைத் தடுத்தாள்.

"கழட்டிட்டா போச்சு."

"பாம்பு கீம்பு இருக்கும் சார்."

"பாறையும் இருக்கு, பாம்பும் இருக்கு. நெல்லு ஏதாவது இருக்காம்மா?"

நடுவயலை நெருங்க நெருங்க வெடிக்காரரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் உதட்டில் விரலை வைத்தபடி பயிரை மெல்ல விலக்கினார்.

சாயம் போன பச்சைக் குடை ஒன்று சாய்வாக ஊன்றியிருந்தது. அதன் நிழலில் கூடு. தாய்ப்பறவை இறங்கி, பயிருக்குள் நாலடி தள்ளி நின்று அவர்களை முறைத்தது.

ட்ரோன்காரி கைகூப்பிவிட்டாள். "அண்ணே, கலைச்சிடாதீங்க. நான்தான் பொய் சொன்னேன். ட்ரோனை வேணும்னா எடுத்துக்கட்டும்..."

"யாரும்மா கலைக்கிறா?" வெடிக்காரர் கிசுகிசுப்பாகவே சண்டை பிடித்தார். "வட்டம் விட்டியே, கொஞ்சம் தாராளமா விட்டா என்ன? காத்தடிச்சா மருந்து கூடு வரைக்கும் வருது. முட்டைக்குக் குடையைக் குடுத்துட்டு எத்தனை நாளைக்கு நான் வெயில்ல காயறது?"

அவள் கூப்பிய கையை இறக்கினாள்.

"அப்ப... வெடி?"

"அடைகாக்கிற இடத்துல எவனாவது வெடி போடுவானா?"

"வட்டத்தை இதுக்கு மேல பெரிசாப் போட எனக்கு அனுமதி இல்லண்ணே. சார்தான் மாத்தணும்."

"ஹெல்ப்லைன்லயும் அதைத்தான் சொன்னாங்க. அதான் அவரைக் கூப்பிட்டேன்."

அதிகாரி சேற்றுக்காலோடு நின்றார். "இதைப் போன்லயே சொல்லியிருக்கலாமேண்ணே?"

"எப்படி சார் சொல்றது? டீக்கடையில உக்காந்து பேசினேன். நாலு பேர் கேட்டா என் பேர் என்னாகும்?"

அதிகாரியின் சட்டைப்பையில் கைபேசி கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கப் போனவர், வெடிக்காரரின் விரல் மறுபடி உதட்டுக்குப் போனதைக் கண்டு அடக்கிக்கொண்டார். "ஒரு துறை 'நீர்ப்பறவைகளைக் காப்போம்'ங்குது. அடுத்த செய்தியில எங்க துறை 'உடனே மருந்து தெளியுங்கள்'ங்குது. ரெண்டுக்கும் நடுவுல நீங்க குடை பிடிச்சிருக்கீங்க."

டேப்லெட்டை எடுத்துத் தன் விரல் ரேகையை வைத்துத் திறந்தார். வட்டத்தின் மேல் விரலை நிறுத்தினார்.

"சரி, காரணம் என்னன்னு போடறது? பறவைன்னு இதுல இல்லவே இல்லையே."

வெடிக்காரர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தார்.

"பாறைன்னே இருக்கட்டும் சார். கொஞ்சம் பெரிய பாறையாப் போடுங்க."