என் பிள்ளைக்கு வைத்த பேர்

"ஏங்க்கா, இம்புட்டுக்காணு பிள்ளைக்கு ஹம்சவேணின்னு இம்புட்டு நீளப் பேரா? பாவம், அதால தூக்க முடியுமா?"

முனீஸ்வரி சிரித்தாள். ஆஸ்பத்திரியில், பால் எடுக்கும் அறையில், எனக்கு எதிர் நாற்காலி அவளுடையது. சோழவந்தான்காரி. இருவருக்கும் குறைமாதத்தில் பெண் பிள்ளை. இரண்டும் வெவ்வேறு அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன.

"என் மாமியார் முடிவு பண்ணின பேர்" என்றேன். "எங்க வீட்டுல எல்லாருக்குமே நீளம்தான். நான் ஸ்ரீவர்ஷினி, அவர் சாய்பிரசாத், அத்தை சீதாலட்சுமி."

"ரயில் பெட்டி கணக்காவுல்ல இருக்கு."

எனக்கும் சிரிப்பு வந்தது. பிரசவம் ஆகி முதல் சிரிப்பு.

என் பிள்ளை ஆயிரத்து நூறு கிராம். பெட்டியில் எந்த மணி அடித்தாலும் எனக்கு உயிர் போய் வரும். அந்தப் பயத்தில் பாலும் வரவில்லை. மற்ற தாய்மார் தானமாகக் கொடுத்த வங்கிப் பாலைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அரை மணி நேரம் போராடி நாலு சொட்டு எடுப்பதற்குள், முனீஸ்வரி ஒரு பாட்டிலை நிரப்பி மூடியிருப்பாள்.

"உங்க பாப்பா கைய கண்ணாடி வழியாப் பாத்தேன்க்கா" என்றாள். "எங்க கொடிக்கால்ல வெத்தலைக் கொடி நுனியில புதுசா ஒண்ணு விடும். வெயில் பட்டா உள்ளாற நரம்பெல்லாம் தெரியும். தொடவே பயமா இருக்கும். அப்படியே இருக்கு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"தளிர்" என்றேன். "அதுதான் பேர்."

"வாய்க்கு நல்லாருக்குக்கா."

"உன் பிள்ளைக்கு என்ன பேர்?"

"பொழைச்சு வீட்டுக்கு வரட்டும். அதுக்கு முன்னாடி பேரு வச்சா எங்க பக்கம் ஆகாது."

இது திங்கட்கிழமை. மறுநாள் அவள் வரவில்லை. புதன்கிழமை காலை வந்தாள், கண்ணெல்லாம் வீங்கி.

"என்ன ஆச்சு?"

"சளி பிடிச்சிருச்சுக்கா."

பாட்டிலை நிரப்பி எழுந்தாள். அதில் ஒட்டியிருந்த சீட்டு என் கண்ணில் பட்டது. சிஸ்டரின் கையெழுத்து. தளிர்.

"இது என்ன முனீஸ்வரி?"

அவள் முந்தானையால் பாட்டிலை மறைத்தாள். "ஒண்ணுமில்லக்கா. சிஸ்டர் எழுதுனாக" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

பிழைத்து வரும் முன் பேர் வைக்கக் கூடாது என்றவள், இரண்டே நாளில் என் பிள்ளை பேரைத் தூக்கிக்கொண்டாள். அவரிடம் போனில் சொல்லி அழுதேன்.

"பேருக்கெல்லாம் காப்பிரைட் வாங்க முடியுமா வர்ஷினி? போனாப் போகுது, வேற பாப்போம்" என்றார்.

அவருக்கென்ன. கான்வென்ட்டில் என் பேனாவை எடுத்தவளோடு ஒரு வருஷம் முழுக்கப் பேசாமல் இருந்தவள் நான். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மறுநாளும் அவள் விடவில்லை. "பாப்பா எம்புட்டு எடை கூடியிருக்குக்கா?"

"நாப்பது கிராம்" என்றேன், சுவரைப் பார்த்தபடி.

"சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். சுவரில் அவள் நிழல் தெரிந்தது. நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை தையல் பிரித்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பையைத் தூக்கிக்கொண்டு புருஷன் அருள்பாண்டி வாசலில் நின்றான். முனீஸ்வரி என்னிடம் வந்தாள்.

"வாரேன்க்கா."

நான் விட்டிருக்கலாம். விடவில்லை.

"உன் தளிரை இங்கேயே விட்டுட்டுப் போறியா? எப்ப வீட்டுக்குப் போகுமாம்?"

அருள்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். அவள் மட்டும் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நல்லாருக்குக்கா அது. எடை கூடுது. சீக்கிரமே வீட்டுக்குப் போயிரும்."

சாயங்காலம், பெட்டிக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். சிஸ்டர் ஒரு பாட்டிலோடு வந்து, என் பிள்ளையின் மூக்கில் போட்டிருந்த குழாயில் ஊற்ற ஆரம்பித்தார். பாட்டிலில் அதே சீட்டு.

"சிஸ்டர், அது முனீஸ்வரி பிள்ளையோட பால்."

"இல்லம்மா, உன் பிள்ளையோடதுதான். அந்தப் பொண்ணு சொன்ன பேரைத்தான் எழுதியிருக்கேன். வங்கியில பால் தீந்து போச்சு. அந்தப் பொண்ணு தானாவே வந்து கேட்டா. டாக்டர் எல்லா டெஸ்ட்டும் பாத்துட்டுத்தான் சரின்னார். மூணு நாளா பாப்பா இதைத்தான் குடிக்கிறா."

"அப்ப அவ பிள்ளைக்கு?"

சிஸ்டர் குழாயில் பால் இறங்கி முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை ராத்திரியே தவறிருச்சும்மா."

பெட்டிக்குள் தளிரின் விரல்கள் விரிந்து மூடின. வெளிச்சத்தில் நரம்பு தெரிந்தது. அந்த நாற்பது கிராம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"எதிர்லயே உக்காந்திருந்தாளே. ஏன் சிஸ்டர் என்கிட்ட யாருமே சொல்லல?"

"அவதான் சத்தியம் வாங்கிட்டா. 'அந்தக்கா பயந்த பிள்ளை, கேட்டா வர்ற நாலு சொட்டும் வத்திரும், நான் ஊருக்குப் போற வரைக்கும் சொல்லிராதீக'ன்னு."