ஒரு தட்டு கூடாது, குறையாது

“கையை மட்டும் விட்டுடாதீங்க,” என்றாள் அவள். இடுப்பளவுத் தண்ணீரிலேயே அவளுக்குப் பாதி உயிர் போயிருந்தது.

“நான் விடுவேனா? இன்னும் நாலடி வா,” என்றார் கணவர். கரையில் ஈ காக்கை இல்லை, எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். இந்த நேரத்தில்தான் கடல் நமக்கே நமக்கு என்று சொல்லி அவளைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தார்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவளைத் தெருமுனைப் பூங்காவுக்குக்கூடக் கூட்டிப்போகாத மனுஷன். தொழிற்சாலை கேன்டீன் மேலாளர், எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டார். சனி, ஞாயிறு கடற்கரை விடுதியில் தங்கலாம் என்று அவர் சொன்னபோது, காய்ச்சலா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. இனி ஒத்துவராது, பிரிந்துவிடலாம் என்று போன மாதம் அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். வீடு அவள் அப்பா அவள் பெயரில் எழுதிவைத்தது, வெளியே போகவேண்டியவர் அவர்தான். “ரெண்டே நாள் என்கூட வா. அப்புறம் உன் இஷ்டம்,” என்று அவர் கெஞ்சியதில் மனசு கொஞ்சம் இளகிவிட்டது.

வந்த இடத்திலும் பிறவிக் குணம் போகவில்லை. இந்த விடுதியில் மீன் அன்றன்றைக்கு வாங்குகிறார்களாம், எந்த வேளைக்கு எத்தனை பேர் என்று முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள். அவர் போன வாரமே தன் கையால் எழுதி அனுப்பிவிட்டார்.

“இங்கயும் தலை எண்ணியாச்சா?” என்று அவள் சிரித்தாள். இருபது வருஷமாக அவர் போட்ட கணக்கில் ஒரு தட்டு கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. மிஞ்சிய சாப்பாட்டைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும்.

கயிறு கட்டிய எல்லையைத் தாண்டியதை அவள் கவனிக்கவில்லை. பெரிய அலை ஒன்று வந்தது, பிடித்திருந்த கை நழுவியது, காலுக்கடியில் மணல் ஓடியது. மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் ஏறி, கத்தக்கூட முடியவில்லை.

அவளுக்கு ஆயுசு கெட்டி. சாப்பிடப் போன கரைக்காவலர், மறந்துவிட்டுப்போன மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தார். பாய்ந்து போய், அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து மணலில் போட்டார். அவள் இருமித் தண்ணீரைக் கக்கி மூச்சு விட்டதும், கயிற்றைத் தாண்ட அறிவில்லையா என்று இருவரையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தார்.

கணவர் மணலில் முட்டிபோட்டு, முகத்தை மூடிக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதார். பெற்ற தாய் செத்தபோதே கண் கலங்காதவர். கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்ந்ததும் அறைக்கு ஒரே ஒரு சாப்பாடு வந்தது. தனக்குப் பசியில்லை என்று சொல்லி, சூப்பை ஆற்றி, ஸ்பூனில் அவளுக்கே ஊட்டினார். பாவம், எவ்வளவு பயந்துபோயிருக்கிறார், இவரையா வீட்டைவிட்டுப் போகச் சொன்னோம் என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவர் வராந்தாவுக்குப் போனதும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, அந்த வக்கீலை வேண்டாம்னு சொல்லிடு. நான் இவரோடயே இருந்துடறேன்.”

“நல்லா யோசிச்சியா?”

“எனக்காக அப்படி அழுதாருக்கா. அதுக்கு மேல ஒரு பொம்பளைக்கு என்ன வேணும்?”

ஞாயிறு காலை அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள், அவருக்குப் பிடித்த மாதிரி ரொட்டியில் வெண்ணெய் தடவி வைக்கலாம் என்று அவள் சாப்பாட்டு அறைக்கு இறங்கினாள். அவர்கள் அறை எண் வைத்த மேஜையில் ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு முட்டை.

“இன்னொரு தட்டு வைக்க மறந்துட்டீங்க,” என்றாள் பரிமாறும் பெண்ணிடம், சிரித்தபடி.

அந்தப் பெண் குழப்பத்தோடு சமையலறைக்குள் போய், சுவரில் குத்தியிருந்த சீட்டை எடுத்துவந்து நீட்டினாள். பதினாறு வருஷமாக அவள் பார்த்துப் பழகிய அதே குண்டுக் கையெழுத்து.

“சனிக்கிழமை காலைல ரெண்டு பேரு, அப்புறமெல்லாம் ஒருத்தர்தான்னு சார் போன வாரமே எழுதிட்டாருங்களே, மேடம்.”