நாற்பதாயிரமாவது அசைவு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், பூமித்தாய் இன்று காலை பத்தேகாலுக்கு, ஜெசிந்தா வீட்டு அடுக்களைக்குக் கீழே, நாற்பதாயிரமாவது முறையாக அசைவாள்.

நில அசைவுக் கண்காணிப்பு அதிகாரி பூமாலையோடு வந்து இறங்கினார். "தரை ஒரு விரற்கடைக்கு மேல் உயர்ந்தால் வீட்டைக் காலி பண்ணணும்மா."

"போன வருஷம்தான் சார் தளம் போட்டோம். அது உடையறதுக்கு மாலை வேறயா?"

"சாதனை இல்லையா!"

சொன்ன நேரத்துக்குத் தரை எழுந்தது. தோசைக்கல்லில் ஊற்றிய மாவு வட்டமாகப் பரவாமல் கிழக்கே ஓடியது. அடியில் ஏதோ மகா பெரியது மெல்ல மூச்சை இழுத்ததுபோல் இருந்தது. ஜெசிந்தா உள்ளங்கையைத் தரையில் பதித்தாள். வீட்டுக் கவலைகூட மறந்துவிட்டது. அதிகாரியும் செருப்பைக் கழற்றிவிட்டு, தயாரித்து வந்த உரையை மறந்து, பக்கத்தில் மண்டியிட்டுக் கை வைத்தார்.

பிறகு அவர் தரையின் உயர்வை அளக்கும் கருவியைப் பார்த்தார். நாலு விரற்கடை.

காலி செய்ய அரை மணி நேரம் கொடுத்தார்.