எதிராளிக்குப் பூஜ்யம்

மாறி மாறிப் படை நகர்த்தும் நாலு இலவச ஓப்பன் சோர்ஸ் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை ஒப்பிட்டு நூலகர் அட்டவணை போட ஆரம்பித்து மூன்று மாதம். வரைபடம், படைபலம், வேகம் என எதையும் அவர் கண் தப்பவிடவில்லை.

“மூணு தேவலை. நாலாவதுல எதிரி சுத்த மண்டு,” என்றார் மனைவியிடம். “தினமும் சரியா சாப்பாட்டு நேரத்துக்குத் தலைநகரத்தைத் தூக்கிக் கொடுத்துடுது. மூளைக்குப் பூஜ்யம் போட்டுட்டேன்.”

“எதிராளி யாருன்னு பார்த்தீங்களா?”

“கம்ப்யூட்டர்தான். இதையெல்லாமா பார்ப்பாங்க?”

“கொஞ்சம் பாருங்களேன்.”

செட்டிங்ஸைத் திறந்தார். ‘எதிராளி: இதே வைஃபையில் இன்னொருவர்’ என்றிருந்தது.

மனைவி தன் போனை மேஜைமேல் வைத்தாள். அதிலும் அதே வரைபடம்.

“ஜெயிக்காம நீங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டீங்களே. சோறு ஆறுது, வாங்க.”