கச்சேரி பார்க்க வந்தவர்

அப்பாவுக்கு இரண்டு வருஷமாகக் காது சுத்தமாகக் கேட்காது. இன்று மாலை வரை பூரணி அப்படித்தான் நம்பியிருந்தாள்.

“கேட்காட்டி என்ன பூரணி? மெட்ராஸ் போய் ஒரு கச்சேரி பார்த்துட்டு வரலாம்” என்று அவர்தான் கூப்பிட்டார். அவளுக்கும் அது வசதியாகப் போயிற்று. மத்தியானம் லாட்ஜ் அறையில், அவர் எதிரிலேயே தம்பியிடம் போனில் பேசினாள். “காலையில முதியோர் இல்லத்துல விட்டுடறேன்டா. காது டெஸ்ட்டுன்னு எழுதிக் காட்டியிருக்கேன், நம்பிட்டார்.” அப்பா ஆரஞ்சை உரித்து, பாதியை அவளிடம் நீட்டினார்.

இப்போது சபாவில், கண்களை இறுக மூடியபடி தொடையில் தாளம் போடுகிறார். மிருதங்கம் விழும் இடத்தில் அவர் கையும் விழுகிறது. ஒரு தடவை என்றால் தற்செயல். இத்தனை தடவையுமா?

பூரணி அவர் பக்கம் லேசாகச் சாய்ந்தாள். பாட்டு இறங்கிய ஒரு கணத்தில், மேடையைப் பார்த்தபடியே முணுமுணுத்தாள். “அப்பா, காலையில போற இடம் ஆஸ்பத்திரி இல்லை.”

அவர் கண் திறக்கவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கை மட்டும் ஒரு தட்டுத் தப்பியது. அடுத்ததை மிகச் சரியாகப் பிடித்துக்கொண்டது.